ஸ்பா கம்பனியில் காசு போட முதல்

தலவாக்கலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கொழுந்துக் கணக்கு எழுதிப் பழகிய கை எனக்கு. ஆயுர்வேத ஹோட்டல் கம்பனி ஒன்றின் பங்கு வாங்கலாமா என்று மச்சான் கேட்டால், படம் போட்ட முன்பக்கங்களைப் புரட்டவே மாட்டேன். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் ஆண்டறிக்கையை இறக்கி, நேரே பின்பக்கங்களுக்குப் போவேன்.

அங்கேதான் முதல் 20 பங்குதாரர் பட்டியல். போன வருடத்து எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். கூடியதற்குப் பென்சிலால் ஒரு கோடு, குறைந்ததற்கு ஒரு புள்ளி. தாய்க் கம்பனியே 80 சதவீதம் வைத்திருந்தால் பொதுமக்கள் கையில் சொற்பம்தான். அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காது. அப்படி ஒரு பங்கோடு நான் ஏழு மாதம் முழித்திருக்கிறேன். பட்டியலில் ஊழியர் சேமலாப நிதி மாதிரிப் பெரிய பெயரைக் கண்டும், பங்கு நல்லதென்று மயங்காதீர்கள்.

பிறகு தொகுதிக்கடன், அதாவது கம்பனி வட்டிக்குக் கடன் வாங்க விற்கும் பத்திரம். 100 ரூபா பத்திரம், 12 சதவீத வட்டி, சந்தையில் 94 ரூபாவுக்கு வாங்கினால் வருட வருமானம் 12.77 சதவீதம்; முதிர்வில் 6 ரூபா மேலதிகம். ஆனால் கம்பனியால் கட்ட முடியுமா? வட்டிக்கும் வரிக்கும் முந்திய இலாபத்தை வட்டிச் செலவால் வகுங்கள். 90 மில்லியனை 60 ஆல் வகுத்தால் 1.5. எனக்கு அது போதாது. உல்லாசப் பயணிகள் வராவிட்டால் மசாஜ் அறைகள் பூட்டித்தான் கிடக்கும், 2020 இல் பார்த்தோமே! 'கீழ்நிலைப்படுத்தப்பட்ட' என்று எழுதியிருந்தால், கம்பனி கவிழும்போது மற்றக் கடன்காரருக்குப் பிறகுதான் உங்கள் முறை.

கடனைத் திருப்பிக் கட்டும் வலு எவ்வளவு என்று சொல்லும் தரப்படுத்தல் கடிதத்தின் திகதியையும் பாருங்கள். மச்சான் கொண்டுவந்து காட்டியது இரண்டு வருடம் பழையது.