லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும் என்று நம்பி ஏமாறுகிறோம்

மச்சானிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. காலையில் 90 சதவீத சார்ஜோடு மூடிப் பையில் வைத்து, செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறுவார். அலுவலகத்தில் திறந்தால் 60 சதவீதம்தான் இருக்கும், அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும். பேட்டரி போய்விட்டது என்று கடையில் சொன்னதால் புது பேட்டரி வாங்கிப் போட்டார். மூன்றாம் நாளே பழைய கதை.

நான் பார்த்தபோது செய்தது ஒன்றுதான். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இயந்திரத்தையே கேட்டேன். இதற்கென்று விண்டோஸில் ஒரு கட்டளை இருக்கிறது: 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடம் விடாமல் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். பிறகு ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு, 'லாஸ்ட்வேக்' என்று ஒரே சொல்லாக அடித்தால், கடைசியாகத் தூக்கத்தைக் கலைத்தது யார் என்று சொல்லும். யூஎஸ்பி என்று வந்தது. பையைப் பார்த்தால், முன்னறையில் அணைக்காத வயர்லெஸ் மவுஸ். அதன் ரிசீவர் லேப்டாப்பிலேயே செருகியிருந்தது. ரயில் குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசைந்து லேப்டாப்பை எழுப்பியிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்ததும் சரியாகிவிட்டது. பேட்டரிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

கேட்காமலே செட்டிங்கை மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. பத்து இடத்தில் பத்து டிக்கை மாற்றிய பிறகு எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று நமக்கே தெரியாது.

அடுத்தது, எல்லா லேப்டாப்பிலும் ஸ்லீப் என்றால் ஒன்றுதான் என்று நினைப்பது. அதே கட்டளையில் சாய்கோட்டுக்குப் பிறகு ஏ என்ற எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். உங்கள் இயந்திரத்துக்கு எந்தெந்தத் தூக்கம் தெரியும் என்று பட்டியல் வரும். எஸ்3 என்று இருந்தால் அது பழைய பாணித் தூக்கம்: திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், ஏறக்குறைய மற்ற எல்லாமே அணைந்துவிடும். எஸ்0 என்று இருந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. 2012இல் விண்டோஸ் 8உடன் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் வந்தது, விண்டோஸ் 10இல் இந்தப் பெயருக்கு மாறியது. செல்போன் போல, திரை அணைந்தாலும் உள்ளே அரைத்தூக்கம்தான். மெயில் வரும், அப்டேட் இறங்கும். ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏதாவது ஒன்று அடம்பிடித்தால் ஆழ்ந்த தூக்கத்துக்கே போகாது. இப்படிப்பட்ட லேப்டாப்பை மூடிய கையோடு பையில் திணித்து நாலு மணி நேரம் பஸ்ஸில் போவது சூதாட்டம்.

உங்களுடையது எஸ்0 என்றால், அதே கட்டளையில் சாய்கோடு போட்டு 'ஸ்லீப்ஸ்டடி' என்று சேர்த்து அடித்துப் பாருங்கள். பிரவுசரில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கை உருவாகும். கடந்த சில நாட்களில் ஒவ்வொரு தூக்கத்திலும் எத்தனை சதவீதம் குறைந்தது, அந்த நேரத்தில் எந்தப் பாகம் விழித்திருந்தது என்று அதில் இருக்கும். நெட்வொர்க் கார்டா, ஆடியோவா என்று தெரிந்த பிறகு அந்த டிரைவரை மட்டும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பித்தால் போதும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் பழைய எஸ்3 திரும்பிவிடும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளில், எஸ்3க்கு ஆதரவே இல்லாத லேப்டாப்பில் இதைச் செய்தால், இருந்த ஸ்லீப்பும் போய்விடும்.

பயணத்துக்கு என் ஓட்டு ஹைபர்னேட்டுக்குத்தான். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு முழுக்க அணைந்துவிடும். திறந்ததும் விட்ட இடத்திலேயே இருக்கும். என்ன, எழுந்திருக்கச் சில நொடி கூடுதலாகும். ஸ்டார்ட் மெனுவில் இதைக் காணவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில், மங்கலாகத் தெரியும் அமைப்புகளைத் திறக்கும் இணைப்பை அழுத்தினால் கீழே ஹைபர்னேட் டிக் வரும். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படியும் அதே பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

சிலர் இதற்கு நேர் எதிராக, சி டிரைவில் இடம் இல்லை என்று ஹைபர்னேட்டையே அணைத்துவிடுகிறார்கள். ஹைபர்னேட் ஆகும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் கோப்பு வழக்கமாக ரேமின் அளவில் சுமார் 40 சதவீதம் எடுக்கும். 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பேட்டரி அடிமட்டத்துக்கு வரும்போது சேமிக்காத வேலையைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான். விண்டோஸைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு சேர்ந்து போய்விடும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றதும் ஞாபகம் வருகிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுக்க மூடிக்கொள்வதில்லை. நம் புரோகிராம்களை மூடிவிட்டு, தன் மையப் பகுதியான கெர்னலை ஹைபர்னேட் செய்து வைக்கிறது. "அணைத்து அணைத்துப் போட்டேன், பிரச்சினை போகவில்லை" என்பவர்களிடம் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப்டைம், அதாவது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று, பார்க்கச் சொல்வேன். ஒன்பது நாள், பத்து நாள் என்று இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தாலும் முழுக்க அணையும். லினக்ஸையும் அதே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவில் லினக்ஸிலிருந்து எதையும் எழுத முடியாமல் தவிப்பீர்கள்.

தூங்கவே மாட்டேன் என்கிறதா? அதே கட்டளையில் சாய்கோடு, 'ரிக்வெஸ்ட்ஸ்'. யார் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் ஏதோ ஒரு டேபில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுதான். விண்டோஸை மறுபடி போட்ட பிறகு ஸ்லீப் என்ற சொல்லே மெனுவில் இல்லையென்றால் முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். சரியான டிரைவர் இல்லாமல், விண்டோஸோடு வரும் அடிப்படை டிரைவரான மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓட்டும் லேப்டாப் வீட்டில் இருந்தால், அதை ஸ்லீப்பில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கரண்ட் போன நொடியே ரேமில் இருந்தது அத்தனையும் போய்விடும். ஹைபர்னேட் கொடுத்து, பவர் விளக்கு முழுக்க அணைந்த பிறகு எழுந்து போங்கள். விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது ஸ்லீப்தான்.