மார்ன் கரை வீட்டை நகலெடுப்பது எப்படி

பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ‘மார்ன் நதிக்கரை’ ஓவியத்தை மூன்று முறை நகலெடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் பரணில் கிடக்கின்றன. மூன்றாவதைத்தான் கூடத்தில் மாட்ட மனைவி அனுமதித்தார்.

1888 வாக்கில் பாரிசுக்குக் கிழக்கே வரைந்த படம் இது. எதிர்க்கரையில் மரங்களுக்கிடையே வெளிறிய சுவருடன் ஒரு வீடு, கீழே அசையாத ஆறு. மூலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 65க்கு 81 சென்டிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் 16க்கு 20 அங்குல கேன்வாஸ் கிட்டத்தட்ட அதே விகிதம் என்பதால் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

பென்சில் வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, தூரிகையாலேயே கோடு போடுங்கள். முதலில் கரைக்கோடு, பிறகு வீட்டின் செங்குத்து விளிம்புகள். அவற்றை அப்படியே நேர்கீழாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஸ்கேலைத் தொடாதீர்கள், நான் தொட்டேன், வீடு கட்டட வரைபடம் போல விறைத்து நின்றது.

அடுத்து பச்சை. குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை நேராகப் பூசினால் மரங்கள் பிளாஸ்டிக் ஆகிவிடும். விரிடியன் என்ற நீலப்பச்சையோடு மஞ்சள் காவி சேர்த்து ஒன்று, நீலம் சேர்த்து ஒன்று, துளி எரிந்த சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்து ஒன்று என மூன்று பச்சைகளை முன்னரே குழைத்து வையுங்கள். கறுப்பு வேண்டிய இடத்தில் அல்ட்ராமரீனும் சியன்னாவும் போதும். எட்டாம் எண் பட்டைத் தூரிகையால், ஒரே சாய்வில், பக்கத்தில் பக்கத்தில் தீற்றுங்கள். இலை வரையாதீர்கள். செசான் இலைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தீற்றல்களை அடுக்கியே மரத்துக்குக் கனம் கொடுத்தார்.

இனி தண்ணீர். என் முதல் இரண்டு நகல்களும் மூழ்கியது இங்கேதான். ஆறு என்றதும் கை தானாக நீலத்துக்குப் போனது. “வீட்டுக்கு முன்னால் நீச்சல் குளமா?” என்றார் மனைவி. இந்த ஆற்றுக்குத் தனி நிறம் கிடையாது. கரையில் இருப்பதையே தலைகீழாக வைத்திருக்கிறது. ஆகவே சுவருக்கு ஒரு தீற்றல் வைத்தவுடன், தூரிகையைக் கழுவுமுன், அதன் நேர்கீழே ஆற்றிலும் ஒன்று வையுங்கள். மரத்துக்கும் அப்படியே. ஒரு நுணுக்கம்: பிம்பத்தில் வெளிச்சமானவை சற்று மங்கும், இருட்டானவை சற்று வெளுக்கும். சுவரின் வெள்ளையில் துளி சாம்பல் கலந்து கீழே இறக்கினால் சரியாக இருக்கும்.

சந்தேகம் வந்தால் கைப்பேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கரைக்கோடு தெளிவாகத் தெரியவில்லையென்றால் மேலும் கீழும் ஒரே வெளிச்ச அளவில் பூசியிருக்கிறீர்கள்.

தீற்றல்களுக்கு நடுவே ஆங்காங்கே கேன்வாஸ் தெரிந்தால் அடைக்காதீர்கள். பின்பக்கம் ‘செசானைப் பார்த்து’ என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். எண்ணெய் வண்ணம் என்பதால், வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுத்திருங்கள்.