பத்தாயிரம் ரூபாயை ஒட்டிப் பறவை பார்க்க ஒரு பைனாகுலர்

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் 20×50 ஆகவோ ஜூம் வகையாகவோ இருக்கும். இரண்டும் வேண்டாம். இணையத்தில் ‘100×’ என்று விற்பதைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை.

8×42 என்பதில் 8 உருப்பெருக்கம்; 42 முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பறவை பார்க்க 8×40, 8×42 போதும். உருப்பெருக்கம் கூடக்கூட கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பு சுருங்கும். 8 டிகிரி பரப்புள்ள கருவியில் ஆயிரம் மீட்டர் தொலைவில் 140 மீட்டர் அகலம் தெரியும். 6 டிகிரி என்றால் 105 மீட்டர்தான். மாமரத்துக்குள் கிளை மாறிக்கொண்டே இருக்கும் கதிர்குருவியைத் தேடும்போது இந்த வித்தியாசம் புரியும். பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் எட்ட நிற்கும் உள்ளான்களையே அதிகம் பார்ப்பவர் 10×42 வாங்கலாம். அதற்கு மேல் போனால் முக்காலி தேவைப்படும்.

42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அவ்வளவு மி.மீ. சட்டைப்பையில் அடங்கும் 8×21-இல் இது 2.6 மட்டுமே. உச்சி வெயிலில் கண்மணியே 2, 3 மி.மீ.க்குச் சுருங்கிவிடுவதால் குறை தெரியாது. ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையில் எல்லாம் இருட்டாகத் தெரியும்.

அடுத்தது பிரிசம், அதாவது தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்த உள்ளே வைக்கும் கண்ணாடிக்கட்டை. குழாய் வளைந்து, தோள் அகன்ற பழைய தோற்றம் கொண்டது போரோ; நேர்க்குழாய் வகை ரூஃப். ரூஃப் பிரிசத்துக்கு, ஒளியைத் திருப்பிவிட முகம் பார்க்கும் கண்ணாடிபோன்ற பூச்சும், படத்தின் கூர்மையைக் காக்க ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சும் தேவை. இரண்டும் செலவு பிடிப்பவை. மலிவான ரூஃபில் இங்கேதான் கை வைப்பார்கள். படம் சோகை பிடித்தாற்போல் வெளிறிப்போகும். போரோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. குறைந்த விலையில் தெளிவு வேண்டும் என்றால் எங்கள் வாக்கு போரோவுக்கே: நிக்கான் அக்குலான் ஏ211 8×42, ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1 இரண்டும் 8 டிகிரியோ சற்றுக் கூடவோ காட்டும். ஆனால் எடை 700 கிராமைத் தாண்டும், மழை தாங்காது, நாலைந்து மீட்டருக்குள் வந்த தேன்சிட்டு மங்கலாகவே தெரியும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இவை ஒத்துவராது. கருவியின் கண்லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதை ‘ஐ ரிலீஃப்’ என்று குறிப்பிடுவார்கள். கண்ணாடியோடு பார்க்க அது குறைந்தது 15 மி.மீ. வேண்டும், இந்தப் போரோக்களில் 12 தான். அவர்கள் செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42, நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42 போன்ற ரூஃப் வகைக்குப் போகலாம். பரப்பு கொஞ்சம் குறையும், ஆனால் நீர் புகாது.

பெட்டியில் எழுதியதை நம்பாமல் கடையிலேயே சோதியுங்கள்.

முன்லென்ஸில் டியூப்லைட்டின் பிம்பங்களைப் பாருங்கள். மங்கலான பச்சை, ஊதா நிறத்தில் தெரிந்தால் நல்ல பூச்சு. பளிச்சென்ற வெள்ளைப் பிம்பம் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் பூச்சே இல்லை. பூசாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூச்சு வெறும் பகட்டு. சிவப்பு ஒளியைத் திருப்பிவிடுவதால் பறவையின் நிறம் பச்சை தட்டிப்போகும்.

கருவியை ஓர் அடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண்லென்ஸைப் பாருங்கள். உள்ளே தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் பிரிசம் பேக்-4 என்ற உயர்தரக் கண்ணாடி அல்ல, மட்டமான கண்ணாடி. வட்டத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 8×42-இல் 4 மி.மீ. தான் வந்தால் உள்ளே ஒளியை மறைத்திருக்கிறார்கள்.

மிக முக்கியமான சோதனை, இரு குழாயும் ஒரே நேர்கோட்டில் பார்க்கின்றனவா என்பது. தொலைவில் உள்ள மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல அரை அடி விலக்குங்கள். இரு பக்கமும் கம்பி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் அது உங்களுக்கு வேண்டாம். பத்து நிமிடத்தில் தலைவலி வரும். பழுது பார்க்கக் கொடுத்தால் செலவு அதிகம். கீழே விழுந்த பழைய கருவிகளில் இந்தக் கோளாறு சகஜம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது முன்லென்ஸ் வழியே டார்ச் அடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கியதும் டயாப்டர், அதாவது இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவு, சரிசெய்ய மறக்காதீர்கள். வலது முன்லென்ஸை மூடியால் மறைத்து, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல் வலது கண்லென்ஸ் வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூடிக்குப் பதில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்தால் முகம் சுருங்கி அளவு தப்பும், அதனால்தான் மூடி. வளையம் நின்ற குறியை நினைவில் வையுங்கள், பையில் உரசி நகர்ந்துவிடும்.

நம் கடலோர ஈரத்தில் பூஞ்சைதான் பெரிய எதிரி, மழை தாங்காத போரோவுக்கு இன்னும் அதிகம். கூடவே வரும் துணிப்பையில் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் நீலச் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது. வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது.