தானியங்கி ஆயுத வேலை வந்தால்: கையெழுத்திடும் முன் சேலத்துப் பொறியாளர்கள் செய்ய வேண்டியவை

சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், திருச்சி ஆகிய ஊர்களோடு சேலமும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் ஒன்று. 2019 ஜனவரியில் அது தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, லேத் பட்டறை நடத்துபவரும், படிப்பு முடித்து நான்கு பேராகச் சேர்ந்து மென்பொருள் எழுதுபவரும் இராணுவ வேலையைத் தமக்கும் எட்டக்கூடிய ஒன்றாகக் கருத இடம் உண்டாகியிருக்கிறது. அதில் தவறு எதுவும் இல்லை. நாட்டைக் காக்கும் படைக்குக் கருவி செய்து தருவது மதிப்புள்ள தொழில். ஆனால் ஓர் உதிரிபாகத்தைக் கடைந்து கொடுப்பதற்கும், யாரைச் சுடுவது என்று தானே தீர்மானிக்கும் நிரலை எழுதிக் கொடுப்பதற்கும் இடையில் உள்ள தூரம் கொட்டேஷன் தாளில் தெரிவதில்லை. ‘ட்ரோன் படங்களில் மனிதரையும் வாகனத்தையும் அடையாளம் காணும் மென்பொருள்’ என்று ஒரே வரியில் வரும் வேலை, வெள்ளத்தில் சிக்கியவரைத் தேடவும் உதவும், தேடிக் கொல்லவும் உதவும். அப்படி ஒரு வரி உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில், அந்தக் கருவி புறப்படுவது முதல் தாக்குவது வரையிலான கட்டங்களை வரிசையாக எழுதுங்கள்: பறத்தல், தேடுதல், கண்டறிதல், பின்தொடர்தல், இலக்கைத் தேர்ந்தெடுத்தல், தாக்குதல். ஒவ்வொன்றின் எதிரிலும் அதைச் செய்வது மனிதரா இயந்திரமா என்று குறியுங்கள். தானே பறப்பதும் தானே தரையிறங்குவதும் பெரிய அறச்சிக்கல் அல்ல. இயக்கிவிட்ட பிறகு மனிதத் தலையீடு இல்லாமல் இலக்கைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதையே பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு தானியங்கி ஆயுதம் என்று வரையறுக்கிறது. ஆகவே கடைசி இரண்டு கட்டங்களில் யார் இருக்கிறார் என்பதை வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் ‘ஆள் இருப்பார்’ என்ற பதில் போதாது.

அது ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 2003 மார்ச் 23 அன்று, ஈராக் போரின்போது, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை, தன்னை நோக்கி வரும் ஏவுகணை என்று அமெரிக்காவின் பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பு தவறாக வகைப்படுத்திச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த இருவரும் இறந்தனர். ஏப்ரல் 2 அன்று அதே வகை அமைப்பு அமெரிக்கக் கடற்படையின் விமானம் ஒன்றையே வீழ்த்த, அதன் விமானியும் உயிரிழந்தார். இரண்டு இடங்களிலும் மனிதர்கள் இல்லாமல் இல்லை. திரை காட்டியதைச் சந்தேகிக்க அவர்களுக்குப் போதிய நேரமும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய தகவலும் இல்லை என்பதே கொடுமை. இதற்கு நேர்மாறாக, 1983 செப்டம்பர் 26 அன்று, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் செயற்கைக்கோள் எச்சரிக்கை அமைப்பு அறிவித்தபோது, பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், உண்மையான தாக்குதல் ஐந்து ஏவுகணைகளோடு தொடங்காது என்று எண்ணி, அதைப் பொய் எச்சரிக்கை என்று தம் மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளியே அந்த எச்சரிக்கைக்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. பொத்தானுக்கு அருகில் ஒருவரை உட்கார வைப்பது மட்டும் மனிதக் கட்டுப்பாடு ஆகிவிடாது. அவரால் ‘இல்லை’ என்று சொல்ல முடிய வேண்டும். எனவே மூன்று விவரங்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: முடிவெடுக்க அவருக்கு எத்தனை வினாடி கிடைக்கும், இயந்திரத்தின் கணிப்பைத் தவிர வேறு என்ன தகவல் அவர் கண்ணில் படும், தாக்குதல் தொடங்கிய பிறகும் அவரால் நிறுத்த முடியுமா. இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் நான் அந்த வேலையை ஏற்க மாட்டேன்.

அடுத்தது சோதனை. சேலம் சமவெளியின் வெயிலில் எடுத்த படங்களால் பயிற்றுவித்த மென்பொருள், சமவெளி வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். அதே மென்பொருளை மலைப்பாதையில் ஏற்காட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். பனிமூட்டம் இறங்கும் காலையில், காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் காரணத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகு படமெடுங்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லாத இடமென்றால் உயரமான கட்டடத்தில் காமிராவை வைத்தாலே போதும். மிளகு பறிக்க மூங்கில் ஏணியைத் தோளில் சுமந்து செல்பவர், முதுகில் மருந்து தெளிப்பான் கட்டியவர், குடையோடு நிற்கும் பெண், புதருக்குள் பாதி மறைந்த காட்டுமாடு ஆகியவற்றை மென்பொருள் என்னவென்று சொல்கிறது, எத்தனை விழுக்காடு உறுதியோடு சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏணியைத் துப்பாக்கி என்று அது ஒரு முறை சொன்னாலும் அந்தப் படத்தை அழிக்காமல் அறிக்கையின் முதல் பக்கத்தில் சேருங்கள். போர்க்களத்தில் இதைவிடக் கடினமான கேள்விகள் காத்திருக்கின்றன. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுச் சரணடைபவரையும், காயமடைந்து போரிட முடியாமல் கிடப்பவரையும் தாக்கக்கூடாது என்பது போர்ச் சட்டத்தின் அடிப்படை விதி. கைகளை உயர்த்துவதன் பொருளைப் படப்புள்ளிகளிலிருந்து கணிக்க வேண்டிய பொறுப்பை நீங்கள் ஏற்கிறீர்களா என்பதை அந்தத் தோட்டத்திலேயே நின்று யோசியுங்கள்.

இயந்திரத்துக்குக் கோபமும் பயமும் பழிவாங்கும் எண்ணமும் கிடையாது, ஆகவே அது மனிதரைவிடக் கவனமாக நடந்துகொள்ளும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. கப்பலை நோக்கி வரும் ஏவுகணையைத் தடுக்க மனித வேகம் போதாது என்பதும் உண்மை. ஆனால் அங்கே இலக்கு ஓர் ஏவுகணை, மனிதர் அல்லர். செஞ்சிலுவைக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட நிலைப்பாடும் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது: மனிதரை இலக்காகக் கொண்டவையும், விளைவை முன்கூட்டி அறிய முடியாதவையும் தடை செய்யப்பட வேண்டும், மற்றவை கட்டுப்படுத்தப்பட வேண்டும். உங்கள் மென்பொருளின் இலக்குப் பட்டியலில் ‘மனிதர்’ என்ற வகை இருந்தால், அது எதற்காக என்று கேட்காமல் மேலே செல்லாதீர்கள்.

சட்டம் தடுக்கவில்லையே என்று சமாதானம் கொள்ளவும் முடியாது. ஜெனீவாவில், சில வகை மரபுசார் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் 2019-இல் இந்தியாவும் உள்ளிட்ட நாடுகள் ஏற்ற 11 வழிகாட்டு நெறிகள், ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பை இயந்திரத்தின் மேல் போட முடியாது என்று தெளிவாகக் கூறுகின்றன. எனினும் அவை கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தானியங்கி ஆயுதங்கள் குறித்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஜெனீவா மன்றமே இதற்கு உரிய இடம் என்பது நம் அரசின் நிலை. அந்த விவாதம் முடியும் வரை, கோட்டைப் போடும் இடம் உங்கள் ஒப்பந்தத் தாள்தான்.

அந்தத் தாளில், இறுதிப் பயன்பாடு என்ன என்பதையும், உங்கள் சம்மதமின்றி அதை மாற்றக்கூடாது என்பதையும், ஒவ்வொரு கணிப்பின் பதிவும் அழியாமல் சேமிக்கப்பட வேண்டும் என்பதையும் சேருங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால், ஸ்கோமெட் (SCOMET) எனப்படும் இந்திய அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உங்கள் பொருள் வருகிறதா என்று பாருங்கள். பொருள் மட்டுமல்ல, மென்பொருளையும் தொழில்நுட்பத்தையும் அனுப்புவதற்குக்கூட அதன்படி உரிமம் தேவைப்படலாம்.

ஊழியராக இருப்பவருக்கு இது கடினம். மாதத் தவணை கட்ட வேண்டியவரிடம் வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் 2018-இல் இராணுவ ட்ரோன் படங்களைப் பகுப்பாய்வு செய்யும் திட்டத்தை எதிர்த்துக் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட பிறகு, அந்நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தனியாகப் பேசாமல் நான்கு பேராக, கூட்டக் குறிப்பில் பதிவாகும்படி கேளுங்கள்.

கடைசியாக, மறுத்துவிட்ட வேலையின் தாளையும் தூக்கி எறியாமல், தேதியையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிக் கோப்பில் வையுங்கள். அதே வேலை ஆறு மாதம் கழித்து ‘கண்காணிப்பு மென்பொருள்’ என்ற வேறு பெயரில் வந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது உதவும்.