561-லிருந்து ஏறி வந்த கதை

டூவீலர் லோன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது, என் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 561. என்றோ கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கி, வட்டியும் அபராதமுமாக 41,000 ரூபாயாக வளர்ந்து நின்றது.

உங்கள் ஸ்கோரும் இப்படி இருந்தால், முதலில் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் கடன் வரலாற்றை, எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என இந்த விவரம் வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. என்னுடையதில், திருப்பிவிட்ட நகைக்கடன் ஒன்று இன்னும் பாக்கியாகவே கிடந்தது. ரசீதை வைத்து ஆன்லைனில் புகார் போட்டேன். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

அடுத்து வசூல் ஏஜென்ட். "பாதி கட்டுங்க சார், முடிச்சுடலாம்" என்பார். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தது, என்று விழும். அதைப் பார்த்ததும் அடுத்த வங்கி மேனேஜர் ஃபைலை மூடிவிடுவார். முழுசாகக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. நான் வீட்டம்மாவின் ஏலச்சீட்டை எடுத்துக் கட்டினேன் (அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை). பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள், கடன் கணக்கிலேயே போடுங்கள். பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ டியூ சர்டிஃபிகேட்டுக்கு மூன்று முறை அலைந்தேன். லாமினேட் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

பிறகு 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். பெட்ரோலுக்கு மட்டும்தான். லிமிட்டில் 30 சதவீதம் தாண்டுவதில்லை. மினிமம் டியூ அல்ல, முழு பில்லையும் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுவேன். ஒன்றரை வருடத்தில் 724. "ஸ்கோரை ஏத்தித் தர்றோம்" என்று இடையில் வந்த போன்களை நான் எடுக்கவே இல்லை.