அப்டேட் போட்டதும் சார்ஜ் நிற்கவில்லையா?

ஆண்ட்ராய்டு அப்டேட் போட்டதும் சார்ஜ் மளமளவென இறங்கினால், பேட்டரி மாற்ற ஓடாதீர்கள். முதலில் ஒரு ராத்திரி வைஃபையை ஆன் செய்து சார்ஜரிலேயே விட்டுவிடுங்கள். அப்டேட்டுக்குப் பின் போன் ஒவ்வொரு ஆப்பையும் புது சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி தயார் செய்கிறது. அந்த வேலையைப் பெரும்பாலும் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும்போதுதான் முடிக்கும். பின்பக்கம் லேசாகச் சுடுவதும் அதனால்தான், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். (புது ஐகான் பிடிக்காத எரிச்சல் அடங்காது, அது வேறு கதை.)

தருமபுரியிலிருந்து சேலம் போகையில் தொப்பூர் கணவாயில் மட்டும் சார்ஜ் குறைந்தால், போன் சிக்னல் தேடி அலைகிறது. பழியை அப்டேட் மேல் போடாதீர்கள். வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரியைத் திறந்து எந்த ஆப் தின்கிறது என்று பாருங்கள். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தால் மட்டும் சார்ஜே போடாமல் நேராகக் கடைக்குப் போங்கள்.