கலிபோர்னியாவில் பள்ளி வாரியத் தேர்தலில் போட்டியிடுவது எப்படி

கலிபோர்னியாவில் 900-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்தையும் அங்குள்ள வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம் நிர்வகிக்கிறது. பெரும்பாலான வாரியங்களில் ஐந்து உறுப்பினர்கள் இருப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற பெரிய ஊர்களில் ஏழு பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். கட்சி சார்பற்ற பதவி என்பதால் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இடம்பெறாது. ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ, சான் ரமோன், அர்வைன் போன்ற ஊர்களில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளியைப் பார்த்த பிறகே வீட்டைப் பார்க்கின்றன; ஆனால் அந்தப் பள்ளிக்கான பணத்தையும் கொள்கையையும் தீர்மானிக்கும் வாரியத்தில் அமர்வதற்கு நம்மில் மிகச் சிலரே முன்வருகிறோம். முன்வர எண்ணுபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

வாரியம் என்ன செய்கிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். அது மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்டை நியமிக்கிறது, தேவைப்பட்டால் நீக்குகிறது, ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 1-க்குள் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது, ஆசிரியர் சங்கத்துடனும் பிற ஊழியர் சங்கங்களுடனும் எட்டப்படும் ஊதிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருகிறது, பாடநூல்களை ஏற்கிறது, மாணவர் எண்ணிக்கை குறையும்போது எந்தப் பள்ளியை மூடுவது என்ற கடினமான முடிவையும் அதுவே எடுக்கிறது. இவை அனைத்தும் கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கால் நடப்பவை. தனி உறுப்பினர் ஒருவருக்கு ஓர் ஆசிரியரை இடம் மாற்றவோ ஒரு முதல்வருக்கு உத்தரவிடவோ எந்த அதிகாரமும் கிடையாது. ஆகவே, தன் பிள்ளையின் வகுப்பில் நடந்த ஏதோ ஒன்றுக்காகவோ, எட்டாம் வகுப்புக் கணிதத்தில் அல்ஜீப்ரா வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காகவோ நிற்க நினைப்பவர், அந்தக் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், மீதி நான்கு ஆண்டுகளும் பேருந்து ஒப்பந்தம், கூரைப் பழுது, சிறப்புக் கல்விச் செலவு ஆகியவற்றின் மீது வாக்களிக்கத் தனக்கு மனம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகுதி விதிகள் எளிமையானவை. உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; குடியுரிமையும், அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் வீடும், வாக்காளர் பதிவும் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போட்டியிட முடியாது. அதே மாவட்டத்தில் பணிபுரியும் ஊழியர் போட்டியிடலாம், ஆனால் வென்றால் வேலையை விட்டுவிட்டுத்தான் பதவியேற்க முடியும். பலர் கவனிக்கத் தவறுவது தொகுதிப் பிரிவை. 2002-இல் இயற்றப்பட்ட கலிபோர்னிய வாக்குரிமைச் சட்டத்தின் அழுத்தத்தால் ஏராளமான மாவட்டங்கள் தங்கள் எல்லையைத் தொகுதிகளாகப் பிரித்துக்கொண்டன. அங்கெல்லாம் நீங்கள் வசிக்கும் தொகுதிக்கு மட்டுமே நிற்க முடியும், அந்தத் தொகுதிக்கு இந்த ஆண்டு தேர்தல் இல்லையென்றால் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான். கவுன்டித் தேர்தல் அலுவலகத்தில் உங்கள் முகவரியைச் சொன்னால் தொகுதியையும் தேர்தல் ஆண்டையும் சொல்லிவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற இடங்களில் நகரச் சாசனமும் சில விதிகளை வகுப்பதால், கீழே சொல்லப்படும் தேதிகளும் நடைமுறைகளும் அங்கே அப்படியே பொருந்தா.

மனு தாக்கல் செய்வதற்கு ஓராண்டுக்கு முன்பே தயாரிப்பைத் தொடங்குங்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. விளம்பரப் பலகைக்கும் துண்டறிக்கைக்கும் செலவிடும் பணத்தைவிட, வாரியக் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் நேரமே உங்களைத் தகுதியான வேட்பாளராக்கும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் வெளியிட வேண்டும் என்பது, உள்ளாட்சிக் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுன் சட்டத்தின் விதி. அதனுடன் இணைக்கப்பட்ட அறிக்கைகளை முழுவதும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். எந்த உறுப்பினர் என்ன கேட்கிறார், எந்தக் கேள்விக்கு நிர்வாகம் நேராகப் பதில் சொல்லாமல் நழுவுகிறது, யார் யார் பொதுக் கருத்து நேரத்தில் பேசுகிறார்கள், எந்தப் பகுதிப் பெற்றோரின் குரல் அந்த அறையில் ஒருபோதும் கேட்பதில்லை என்பதையெல்லாம் குறித்துவையுங்கள்.

வரவுசெலவைப் படிக்கக் கற்றுக்கொள்வது இந்தத் தயாரிப்பின் மையம். பெரும்பாலான மாவட்டங்களுக்கு, 2013-இல் கொண்டுவரப்பட்ட நிதிச் சூத்திரத்தின்படி ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பணம் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு பதிவேட்டில் எத்தனை பெயர்கள் உள்ளன என்பதைப் பார்ப்பதில்லை. அன்றாடம் சராசரியாக எத்தனை பேர் வகுப்புக்கு வருகிறார்கள் என்பதையே பார்க்கிறது. டிசம்பரில் விமானக் கட்டணம் குறையும் வாரமாகப் பார்த்து நாம் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் செல்லும்போது, பள்ளி அதற்கு உண்மையான விலை கொடுக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வளர்ப்புக் காப்பில் (ஃபாஸ்டர் கேர்) உள்ள பிள்ளைகள் ஆகியோருக்காகக் கூடுதல் நிதி உண்டு. அதை எப்படிச் செலவிடப் போகிறோம் என்று மாவட்டம் எழுத்தில் தரும் திட்டம்தான் எல்கேப் எனப்படுவது. பாலோ ஆல்டோ போன்ற சில மாவட்டங்களில் சொத்து வரி வருவாயே சூத்திரத்தின் அளவைத் தாண்டிவிடுவதால் அங்கே கணக்கு வேறு. உங்கள் மாவட்டம் எந்த வகை என்று தெரியாமல் மேடை ஏறாதீர்கள்.

ஒவ்வொரு மாவட்டமும் டிசம்பர் நடுவிலும் மார்ச் நடுவிலும் இடைக்கால நிதியறிக்கை தர வேண்டும். நடப்பு ஆண்டிலும் அடுத்த இரு ஆண்டுகளிலும் கடமைகளைச் செலுத்த முடியுமா என்பதைப் பொறுத்து, அந்த அறிக்கை நேர்மறை, நிபந்தனைக்குரியது, எதிர்மறை என மூன்றில் ஒன்றாகச் சான்றளிக்கப்படும். கடைசி மூன்று ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தாலே, மாணவர் எண்ணிக்கை எப்படிப் போகிறது, கையிருப்பு கரைகிறதா, ஊதியத்துக்கும் சலுகைகளுக்கும் பணத்தின் பெரும்பகுதி போன பிறகு வாரியத்தின் கையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது விளங்கிவிடும். கணக்கும் தரவும் நம்மில் பலருக்குத் தொழிலாகவே இருக்க, இந்த அறிக்கைகளைப் படித்துக் கேள்வி கேட்கும் பெற்றோர் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வேட்புமனுக் காலம் தேர்தலுக்கு 113 நாள் முன்பு தொடங்கி 88 நாள் முன்பு முடியும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அது ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. பதவியில் இருப்பவர் மீண்டும் மனு கொடுக்காவிட்டால் மற்றவர்களுக்கு ஐந்து நாள் கூடுதலாகக் கிடைக்கும். மனுவைக் கவுன்டித் தேர்தல் அலுவலகத்தில் நேரில் பெற்று, நிரப்பி, உறுதிமொழி ஏற்றுக் கொடுக்க வேண்டும். மனுக் கட்டணம் கிடையாது. உங்கள் சொத்து, வருமானம் பற்றிய 700-ஆம் எண் படிவத்தையும் சேர்த்துக் கொடுப்பீர்கள். இருக்கும் இடங்களைவிட வேட்பாளர்கள் அதிகமாக இல்லையென்றால் பொதுவாகத் தேர்தலே நடக்காது. மனு கொடுத்தவர்களே நியமிக்கப்படுவார்கள். கடைசி நாள் மாலைக்குக் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே சென்றால், தவறுகளைத் திருத்த அவகாசம் இருக்கும்.

மனுவில் இரண்டு இடங்களுக்கு அதிகக் கவனம் தேவை. ஒன்று, வாக்குச்சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் தொழில் விவரம். மூன்று சொற்களுக்கு மிகாமல், நீங்கள் உண்மையிலேயே செய்யும் தொழிலாக இருக்க வேண்டும். ‘வரி செலுத்துபவர்’, ‘அக்கறையுள்ள குடிமகன்’ போன்றவை ஏற்கப்பட மாட்டா. பல வாக்காளர்கள் உங்களைப் பற்றிப் படிக்கப்போவது அந்த மூன்று சொற்களை மட்டுமே. மற்றொன்று, வாக்காளர் கையேட்டில் அச்சாகும் வேட்பாளர் அறிக்கை. வழக்கமாக 200 சொற்கள். மாவட்டம் அனுமதித்தால் 400. அச்சுச் செலவைப் பெரும்பாலும் வேட்பாளரே ஏற்க வேண்டும், பெரிய மாவட்டங்களில் அது ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். மற்ற வேட்பாளர்களைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. கொடுத்த பிறகு திரும்பப் பெறலாமே தவிர மாற்ற முடியாது. பட்டங்களையும் நிறுவனப் பெயர்களையும் அடுக்குவதற்கு முதல் பாதியைச் செலவழிக்காதீர்கள். மாவட்டத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட பிரச்சினையைப் பெயர் சொல்லி, அதில் நீங்கள் எடுக்கப்போகும் நிலையைச் சொல்லுங்கள்.

இனி பணம். நன்கொடை வாங்கும் முன்பே, உங்கள் சொந்தப் பணத்தைப் பிரசாரத்தில் போடும் முன்பே, 501-ஆம் எண் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆண்டில் 2,000 டாலருக்குள்ளாகவே வரவும் செலவும் இருக்கும் என்றால் 470-ஆம் படிவம் போதும். 2,000 டாலர் வரவு வந்துவிட்டால் பத்து நாட்களுக்குள் 410-ஆம் படிவத்தால் உங்கள் பிரசாரக் குழுவைப் பதிவு செய்து, அதன் பிறகு குறித்த தேதிகளில் 460-ஆம் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். வேட்பாளர் அறிக்கைக்காக நீங்களே கட்டும் தொகை அந்த 2,000 டாலர் கணக்கில் சேராது. 100 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. எந்த வழியில் என்றாலும் 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவரின் தொழிலையும் பணியிடத்தையும் கேட்டுப் பதிய வேண்டும்.

நம் சமூகத்தில் தவறு நேர்வதற்கு வாய்ப்பு மிகுந்த இடம் இதுதான். குடிமக்களும் கிரீன் கார்டு உடையவர்களும் நன்கொடை தரலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் உள்ளூர்த் தேர்தலுக்குக் கூட ஒரு டாலரும் தரக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அவர்களிடமிருந்து வாங்குவதும் சட்டமீறல்தான். வாட்ஸ்அப் குழுவில் நன்கொடை இணைப்பை அனுப்பும்போதே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள், ஏனென்றால் அன்பின் மிகுதியால் பணம் அனுப்பிவிட்டுப் பிறகு குடியேற்றச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடியவர் உங்கள் நண்பர். ஊதியம் வாங்காமல் தன்னார்வலராக வீடு வீடாக வருவதற்கு அவர்களுக்குத் தடை இல்லை. அதேபோல, வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்புகளான தமிழ்ச் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் (பி.டி.ஏ.) ஆகியவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்க முடியாது. எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்து ஒரு கலந்துரையாடல் நடத்தலாம். பொங்கல் விழா மேடையில் உங்களுக்கு மட்டும் ஒலிவாங்கி தந்து வாக்குக் கேட்க விடுவது அவர்களின் வரிவிலக்குக்கே ஆபத்து. பள்ளி மாவட்டத்தின் மின்னஞ்சலையும் வளங்களையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதும் சட்டவிரோதம்.

கலிபோர்னியாவில் பதிவான ஒவ்வொரு வாக்காளருக்கும் தபால் வாக்குச்சீட்டு வருகிறது. அது தேர்தலுக்கு 29 நாள் முன்பே புறப்படத் தொடங்குகிறது. ஆகவே உங்கள் பிரசாரம் அக்டோபர் முதல் வாரத்துக்குள் சூடு பிடித்திருக்க வேண்டும். வேட்பாளர் என்ற முறையில் கவுன்டியிடம் வாக்காளர் பட்டியலை விலை கொடுத்து வாங்கலாம். யார் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்கள் என்பதும் அதில் இருக்கும். வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதி வரை வந்து, பள்ளி வாரியத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுபவர்கள் ஏராளம். அவர்களிடம் பெயரைக் கொண்டு சேர்ப்பதற்கு நேரில் கதவைத் தட்டுவதற்கு ஈடான வழி இல்லை. ஓக்லாந்திலும் பெர்க்லியிலும் 16, 17 வயதினரே இந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியும் என்பதால், அங்கே மாணவர்களிடமும் செல்ல வேண்டும்.

தமிழ் வாக்குகள் மட்டும், ஏன், இந்திய வாக்குகள் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போதும் என்றே வைத்துக்கொண்டாலும் அப்படி வெல்வது சரியில்லை. வாரியத்தின் பணத்தில் கணிசமான பகுதி, மாலைக் கூட்டத்துக்கு வர நேரமில்லாமல் இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கானது. ஸ்பானிய மொழி பேசும் பெற்றோர் கூடும் ஆங்கிலம் கற்போருக்கான ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளின் தாய்மார்களைச் சந்தியுங்கள். ஆசிரியர் சங்கமும் பிற ஊழியர் சங்கங்களும் கோடையிலேயே கேள்வித்தாள் அனுப்பி நேர்காணல் நடத்தும். ஆதரவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், வென்றால் நான்கு ஆண்டுகள் அவர்களோடுதான் பேசப் போகிறீர்கள்.

வென்றவர் டிசம்பர் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமையிலிருந்து பதவிக்கு உரியவராகிறார். ஆனால் பிரவுன் சட்டம் பதவியேற்புக்கு முன்பே அவரைக் கட்டுப்படுத்தும்: வாரியத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே, தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ ஒருவர் வழியாக மற்றவருக்குச் சொல்லியோ, வாரியப் பொருள் எதையும் விவாதிக்கக் கூடாது. தோற்றவர் 410-ஆம் படிவத்தைக் கொண்டே தன் குழுவை முறையாக முடித்துவிட வேண்டும், இல்லையேல் கணக்குக் காட்டும் கடமை தொடர்ந்துகொண்டே இருக்கும். பிறகு, எல்கேப் பெற்றோர் ஆலோசனைக் குழுவுக்கும், 55 விழுக்காட்டு வாக்கில் நிறைவேறிய பள்ளிக் கட்டடக் கடன் பத்திரங்கள் இருக்கும் மாவட்டத்தில் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் மேற்பார்வைக் குழுவுக்கும் விண்ணப்பிக்கலாம். உறுப்பினர் ஒருவர் இடையில் விலகினால் 60 நாட்களுக்குள் வாரியம் வேறொருவரை நியமிக்கவோ தேர்தலுக்கு உத்தரவிடவோ வேண்டும். நியமனம் என்றால், கூட்டங்களுக்குத் தவறாமல் வந்துகொண்டிருப்பவரின் விண்ணப்பத்துக்கு அப்போது நல்ல மதிப்பு இருக்கும்.